உள்ளூர்ச் சரக்கும் நமது கணக்கும்

"சுதேசிச் சாமான்களையே வாங்குங்கள்" என்று நம் மக்களுக்கு உபதேசம் செய்யாத தலைவர்கள் இந்நாட்டில் இல்லை. 1905ம் வருஷம் ஆகஸ்டு 7ந் தேதி கல்கத்தாவில் சுதேசிக் கிளர்ச்சி துவக்கப்பட்டதை நினைவூட்டி, 2015 முதல் இந்திய சர்க்கார் அந்த நாளைக் கைத்தறி நாள் என்று கொண்டாடிவருகிறது. அன்று மேடைக்கு மேடை கைத்தறியின் பெருமை முழங்குகிறது. மறுநாள் அந்த வேட்டி பெட்டிக்குள் போய்விடுகிறது. ஏகாதசியன்று பட்டினி கிடந்து துவாதசியன்று இரட்டிப்பாய்ச் சாப்பிடுகிறவனுடைய விரதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

நாம் அந்த மாதிரி உபதேசம் செய்ய வரவில்லை. நாடு என்பது ஒரு தாய், அவளுடைய மானத்தைக் காப்பாற்ற இந்தத் துணியை வாங்கு என்று சொல்லுவது, சாமி பேரைச் சொல்லித் தட்டில் காசு விழச் செய்வதற்கே சமானமாகும். நெசவாளி பிச்சைக்காரனல்ல, வாங்குகிற நாமும் தர்மப் பிரபுக்களல்ல. உள்ளூர்ச் சரக்கை வாங்குவதால் நமக்கு என்ன லாபம், செய்கிறவனுக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்த்து, லாபமிருந்தால் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் நமது கொள்கை.

கணக்குப் பார்ப்பதற்குப் பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்ளுவோம். ஈரோடு ஜில்லாவிலுள்ள அவ்வூரிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் குழித்தறியில் உட்கார்ந்து, பட்டை பட்டையாய் நிறம் மாற்றி, முரட்டுப் பருத்தி நூலில் நெய்யப்படுவது அது. நம் வீட்டுக் கல்யாணத்துக்கும், கருமாதிக்கும், பஞ்சாயத்துக்கும், பொதுக்கூட்டத்துக்கும் விரித்து உட்கார்ந்தது அதன் மேல்தான். 1985ல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, 22 வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்யலாம் என்று ஒதுக்கிற்று. அதை எதிர்த்து வழக்காடினார்கள். 1993ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு அந்த 22 வகை 11 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தப் பதினொன்றிலும் ஜமக்காளம் இருக்கிறது. அன்றியும், அந்தப் பெயர் அவ்வூருக்கே உரியது என்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சட்டம் இருக்கிறது, குறியீடும் இருக்கிறது. நெசவாளிக்குச் சோறு இருக்கிறதா? சோலாப்பூர் முதலிய ஊர்களில் விசைத்தறியில் ஓட்டிய விரிப்புகள் வந்திறங்கிப் பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன என்று அவ்வூர் நெசவாளிகள் வருஷக்கணக்காய் முறையிட்டு வருகிறார்கள். விசைத்தறியை ஓட்டுகிறவனும் நம்மைப்போல ஏழைத் தொழிலாளிதான். அவன்மேல் நமக்குத் துவேஷமில்லை. இயந்திரத்தின் மேலும் துவேஷமில்லை. மனிதனுடைய பாட்டைக் குறைக்கிற இயந்திரம் எதுவானாலும் வரட்டும். ஆனால் இயந்திரத்தில் செய்ததை இயந்திரச் சரக்கு என்று சொல்லி விற்கட்டுமே! கைத்தறி என்று பொய் சொல்லுவானேன்? அந்தப் பொய்யினால் வாங்குகிறவன் பணமும் போகிறது, நெய்கிறவன் பிழைப்பும் போகிறது. நடுவில் நிற்கிற வியாபாரி ஒருவனே கொழுக்கிறான்.

இந்தியா பூராவுக்கும் 2019-20ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒரு குடும்பம் பூராவும் உழைத்து, மாதம் ஐயாயிரம்கூட இல்லையென்றால், எந்தப் பையன் அப்பனுடைய தறியில் உட்காருவான்? உட்கார வேண்டும் என்று சொல்ல நமக்குத்தான் என்ன யோக்கியதை? அப்பன் தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்பது குலத்தொழில் பேசுகிறவர்களுடைய சட்டமே ஒழிய நம்முடையதல்ல. ஆனால் அந்தத் தொழிலை விரும்பிச் செய்கிறவனுக்கு, மற்றத் தொழிலாளிக்குக் கிடைக்கிற கூலி கிடைக்க வேண்டுமா, இல்லையா?

இனி நமக்கு என்ன லாபம் என்று பார்ப்போம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் ஒரு ஜமக்காளம் வாங்கினால், அந்தப் பணத்தில் நெய்தவர் கூலியும், நூல் சுற்றிய பெண்ணின் கூலியும், சாயம் தோய்த்தவர் கூலியும் அடங்கியிருக்கின்றன. அந்தக் கூலி அவ்வாரச் சந்தையிலேயே காய்கறிக்கும், அரிசிக்கும், பிள்ளையின் நோட்டுப் புஸ்தகத்துக்கும் செலவாகிறது. காய்கறிக்காரன் அந்தக் காசைத் தையற்காரனிடம் கொடுக்கிறான். தையற்காரன் டீக்கடையில் கொடுக்கிறான். ஒரு ரூபாய் ஊரைவிட்டுப் போகுமுன் நாலு வீட்டில் அடுப்பெரிக்கிறது. தூர தேசத்துக் கம்பெனிச் சரக்கானால், கடைக்காரன் கமிஷனும் வண்டிக்காரன் கூலியும் போக, மற்றது அன்றே ஊரைவிட்டு ஓடிவிடுகிறது. தறி நின்றுபோன ஊரில் நெசவாளி மாத்திரமா கெடுகிறான்? டீக்கடைக்காரனும் கெடுகிறான், மளிகைக் கடைக்காரன் கடன் நோட்டும் தடிக்கிறது.

"விலை அதிகமாயிருக்கிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூலிக்காரன் வயிற்றைக் கட்டி விலையுயர்ந்த சரக்கை வாங்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் விலையை மாத்திரம் பார்க்காதீர்கள். எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாதி விலைக்கு வாங்கி இரண்டு வருஷத்தில் கிழிந்தால் அது சகாயமா? அன்றியும், கல்யாணத்தில் பந்தலுக்கும், மேளத்துக்கும், புரோகிதனுக்கும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டு, நெசவாளியிடம் மாத்திரம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது என்ன புத்திசாலித்தனம்?

சகாய விலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1906ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி துவக்கியபோது, வெள்ளைக்காரர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதற்கும் மசியாததால், பிரயாணிகளை இனாமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுக்கத் துணிந்தது. சிதம்பரனார் 1908ல் சிறைசென்றார். பிறகு கம்பெனியும் அழிந்தது. சர்க்காரின் அடக்குமுறை அதற்குப் பெருங்காரணம் என்பது உண்மையே. ஆனாலும் இனாம் குடை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அது மழைக்குக் கொடுத்த குடையல்ல. போட்டியாளன் வாயில் போட்ட மண். விலை அடியோடு இறங்கும்போது யார் அழிந்தால் யாருக்கு லாபம் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

நிற்க, உள்ளூர் என்ற ஒரு வார்த்தைக்காக எதையும் மன்னித்துவிட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. சாயம் ஓடுகிற துணியையும், அளவு குறைந்த விரிப்பையும் இரக்கப்பட்டு வாங்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள். அப்படிச் செய்தால்தான் சங்கமும் திருந்தும். அதுபோலவே, "நம் ஊர்ச் சரக்கு" என்று நம்மிடம் அபிமானம் பேசிவிட்டு, நெய்கிறவனுக்கு அரைக்கூலி கொடுக்கிற முதலாளியையும் சும்மா விடாதீர்கள். அந்நியன் சுரண்டினால் பாவம், அயலகத்தான் சுரண்டினால் புண்ணியம் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆகவே, வாசகர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில சொல்லுகிறோம். ஒன்று, துணி வாங்கும்போது கூட்டுறவுச் சங்கத்திலோ, 1935ல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடையிலோ வாங்குங்கள், ரசீது கேளுங்கள், 2006 முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, வாசகசாலை, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு விரிப்பு வாங்கும்போது அசல் ஜமக்காளம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஒருவர் வாங்குவதைவிட ஒரு ஸ்தாபனம் வாங்குவது பத்துத் தறிக்கு வேலை. மூன்று, சர்க்காரைக் கேளுங்கள். நெசவாளிக்கு வேலை கொடுப்பதற்கென்று 1983ல் துவக்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் இன்று பெரும்பகுதி விசைத்தறிக்குப் போகிறது. 1985ம் வருஷத்துச் சட்டமோ ஏட்டில் தூங்குகிறது. சட்டத்தை நடத்த மனமில்லாத சர்க்கார் கைத்தறி நாள் கொண்டாடுவது யாரை ஏமாற்ற?

தோழர்களே! அடுத்த தடவை கடையில் நிற்கும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இதைச் செய்தவன் யார்? நான் கொடுக்கிற காசில் அவனுக்கு எவ்வளவு போகிறது? பதில் சொல்லத் தெரியாத கடைக்காரன் பத்துப் பேர் கேட்டால் தெரிந்துகொள்ளுவான். நூறு பேர் கேட்டால் சரக்கையே மாற்றுவான். விரதமும் வேண்டாம், சபதமும் வேண்டாம். கணக்குக் கேட்கிற பழக்கம் ஒன்று போதும் என்று சொல்லி இதை முடிக்கிறோம்.