பிராது தமிழில், கல்யாணம் யார் பாஷையில்?



விருத்தாசலத்திற்கு அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கின்றது. அங்கே பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. பொருளைக் களவு கொடுத்தவனும், கடன் கொடுத்து ஏமாந்தவனும் தங்கள் பேர், ஊர், குறை இன்னதென்று காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டு வருகின்றார்கள். சாமி விசாரிக்குமா என்பது இன்றைய விஷயமல்ல. அந்தப் பிராது எந்த பாஷையில் எழுதப்படுகின்றது என்பதே நம் கேள்வி. தமிழில்தான் எழுதப்படுகின்றது. ஏன்? போன பணம் திரும்ப வேண்டுமே என்ற நிஜமான கவலை இருக்கும் இடத்தில், மனிதன் தனக்கும் எதிரிலிருப்பவனுக்கும் புரிகின்ற பாஷையில்தான் பேசுவான்.

அதே மனிதன் தன் மகளுக்குக் கல்யாணம் செய்யும்போது என்ன செய்கின்றான்? மணமகனுக்குப் புரியாத, மணமகளுக்குப் புரியாத, பெற்றவர்களுக்கும் புரியாத, பல இடங்களில் சொல்லுகின்ற புரோகிதருக்கே புரியாத பாஷையில் அவளது வாழ்நாள் ஒப்பந்தத்தை முடித்துவிடுகின்றான். நூறு ரூபாய்க் கடன் பத்திரத்தை இப்படிப் புரியாத பாஷையில் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவானா? நூறு ரூபாய்க்கு உள்ள ஜாக்கிரதை பெற்ற பெண்ணுக்கு இல்லையா என்று கேட்கின்றோம்.

“மந்திரத்தின் பலம் சப்தத்தில் இருக்கின்றது, பொருள் தெரிய வேண்டியதில்லை” என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். சொல்லுக்குப் பலம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

நம்மூர் பீங்கான் தொழில் செய்கின்ற ஊர். சுடாத கலத்தைப் ‘பச்சை’ என்று சொல்லுவது மண் வேலை செய்பவர்களின் பேச்சு. “அது பச்சை, தொடாதே” என்றால் தொழிலாளி கையை எடுத்துக்கொள்வான். வெளியூரான் பச்சை நிறத்தைத் தேடுவான். சப்தம் ஒன்றுதானே? ஒருவனுக்குப் புரிந்து மற்றவனுக்குப் புரியாமல் போனதேன்? தொழிலாளிகள் இருவருக்கும் அந்தச் சொல்லைப் பற்றி ஒரே நினைப்பு இருக்கின்றது. அது மற்றவனுக்கும் இருக்கின்றது என்பது ஒவ்வொருவனுக்கும் தெரியும். சொல்லின் பலம் இவ்வளவுதான். டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1969-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். பிறரும் இப்படித்தான் நடப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எதிர்பார்ப்பதாலும், அது எல்லோருக்கும் தெரிந்திருப்பதாலும்தான் வழக்கம் நிற்கின்றது என்பது அவர் சொன்னதன் சாரம். சூளைக்காரனுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும்.

நமக்கு எந்தச் சொல்லின் பிறப்பின்மேலும் விரோதம் இல்லை. தேவாரத்தில் முதுகுன்றம் என்று வழங்கிய ஊர் வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. ‘கிழட்டு மலை’ என்று அர்த்தம் தெரிந்தா பஸ்ஸில் ஏறுகின்றோம்? கண்டக்டர் சொல்லும் ஊரும் நாம் போகும் ஊரும் ஒன்று என்று இருவருக்கும் தெரியும், அதுவே போதும். ஆகவே வடமொழி என்பதற்காக மந்திரத்தை மறுக்கவில்லை. பேசுகின்றவனுக்கும் கேட்கின்றவனுக்கும் நடுவில் ஒன்றுமே பொதுவாக இல்லை என்பதற்காக மறுக்கின்றோம்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் நித்தியமானது, மனிதன் உண்டாக்கியதல்ல என்று மீமாம்சைக்காரர்கள் வாதித்தார்கள். அப்படியானால் குழந்தைக்குப் பேச்சு கற்றுக் கொடுப்பானேன்? வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்ஸர் என்பவர் சொன்னதை, யாஸ்கர் தமது நிருக்தத்தில் எடுத்துக்காட்டி மறுத்திருக்கின்றார். மறுக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சந்தேகம் அன்றே இருந்திருக்கின்றது!

இன்னும் கெட்டிக்காரர் ஒருவர், “மந்திரம் சொன்னால் கல்யாணம் ஆயிற்று என்று ஊரே நம்புகின்றதே, அந்தப் பொது நம்பிக்கை போதாதா?” என்று கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் இதனால் என்ன ஏற்படுகின்றது? கட்டியது மந்திரமல்ல, ஊராரின் நம்பிக்கைதான் என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நிற்க, ஊர் நம்புவது ‘கல்யாணம் ஆயிற்று’ என்பதை மட்டுமே. எதற்குக் கட்டுப்பட்டோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நாளைக்குப் புருஷன் அடித்தால், “அக்கினி சாட்சியாக ஒப்புக்கொண்டவள்தானே, பொறுத்துப் போ” என்பார்கள். ஒப்புக்கொண்டாளாம்! எதை? எந்தச் சொல்லால்?

இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் பெரியார் புரோகிதரில்லாத் திருமணத்தை நடத்தி வைத்தார். 1953-ல் சென்னை உயர்நீதி மன்றம், சடங்குமில்லை, நெடுங்கால வழக்கமுமில்லை என்று இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967-ல் வந்த சட்டத் திருத்தம் அதை மாற்றியது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் செல்லுபடி கிடைத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு வாசகத்தைக் கவனியுங்கள். இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக, இரு தரப்பாருக்கும் புரிகின்ற எந்த பாஷையிலும் சொல்லலாம் என்கின்றது. தமிழில்தான் என்று கூடச் சொல்லவில்லை. புரிய வேண்டும், அவ்வளவுதான். மாலை மாற்றியோ, மோதிரம் போட்டோ, தாலி கட்டியோ கூட முடிக்கலாம். இப்படிப்பட்ட திருமணத்தை ஊரறியப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்சநீதி மன்றம் சொல்லியிருக்கின்றது.

சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்தும், மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு வீட்டில் புரோகிதரைத் தேடும் தோழர்கள் இருக்கின்றார்கள். அவர்களைச் சொல்வதோடு நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். கிராமத்தில் போய், கேட்பவருக்குப் பிடிபடாத வார்த்தைகளை அடுக்கி இரண்டு மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டு வருகின்றோமே, அதுவும் மந்திரம்தான். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். நம் பேச்சும் ஜனங்களின் மனமும் அப்படி ஆகிவிட்டால் பழி ஜனங்கள்மேல் அல்ல.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும்போது பெண்ணையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “நீங்கள் சொல்லப்போவது உங்களுக்குப் புரிகின்றதா? ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிகின்றதா?” என்று கேளுங்கள். ஆம் என்று இருவரும் சொன்னால் கல்யாணத்தை நடத்துங்கள். இல்லையென்றால் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு முதலில் புரிய வையுங்கள்.