குத்துகிற கை

"சர்டிபிகேட்டா குத்துகிறது? கைதானே குத்துகிறது!" என்பார் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் நண்பர் ஒருவர். சாமர்த்தியமான பேச்சுத்தான். கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு வந்துவிட்டால் வாதம் ஜெயித்துவிட்டது என்பது நம் ஊர் ஐதீகம்.

பரிசோதனைக் கூடத்துக்குச் சட்டதிட்டம் எதற்கு, ரத்தம் எடுப்பவருக்குப் பரீட்சை எதற்கு என்பது அவர் கட்சி. மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்ததாம், பொய் சொல்லாதாம். வாஸ்தவம். கொடுத்ததை அது ஒழுங்காக அளக்கும். கொடுப்பது யார்?

ஊதா மூடி போட்ட குழாயில், ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் கலந்த ஓர் உப்பு இருக்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் அளவு போதவில்லையென்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சாய்த்துச் சமாளித்தால், உயிருக்கே ஆபத்து என்னும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறி நிற்கும். கால்சியம் பாதாளத்துக்குப் போய்விடும். புஜத்தில் கட்டிய பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் அவிழ்க்காமல் விட்டாலும் கணக்குப் பிசகும். சர்க்கரை பார்க்க எடுத்த ரத்தத்தை, ஃப்ளோரைடு இல்லாத குழாயில் பிரிக்காமல் போட்டு வைத்தால், ரத்த அணுக்களே மணிக்கு மணி அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். நீரிழிவுக்காரர் 'நார்மல்' என்ற சீட்டை வாங்கிக்கொண்டு நேரே அல்வாக் கடைக்குப் போவார். பரிசோதனைத் தவறுகளில் பெரும்பாலானவை ரத்தம் மெஷினைத் தொடுமுன்பே நடந்துவிடுகின்றன என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நண்பருக்கும் தெரியும்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ல் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் வந்தது 2018-ல். இருபத்தொரு வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து, பி.எஸ்ஸி. முடித்துவிடுகிற காலம். ரிப்போர்ட்டின் அடியில், நோய்க்குறியியலில் மேற்படிப்புப் படித்த டாக்டர்தான் கையெழுத்திட வேண்டும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. அந்தக் கையெழுத்து யாருடையது என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 'என்.ஏ.பி.எல்.' அங்கீகாரமோ விரும்பியவர் வாங்கிக்கொள்வது. ஆய்வகத் தொழில்நுட்பர் முதலானோரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்று 2021-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டமே செய்தது. அதை அமல் நடத்துங்கள் என்று ராஜ்யங்களுக்கு 2024-ல் கோர்ட் கெடு வைக்க வேண்டியிருந்தது. அடியில் கையெழுத்துப் போடுகிறவருக்காக இவ்வளவு வழக்கு. ஆரம்பத்தில் ஊசி போடுகிறவளைப் பற்றிக் கவலைப்பட இவ்வளவு அசிரத்தை.

நண்பரிடம் இன்னோர் அஸ்திரமும் உண்டு. "ஏழைப் பெண்கள் பிழைப்புப் போய்விடும் ஐயா!" இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அந்தப் பெண்களில் ஒருத்தியை அவருடைய கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். பத்து நாள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவள், ஆனால் கெட்டிக்காரி. ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "சார், அணு உடைஞ்சு சிவந்து போயிருக்கு. திரும்ப எடுக்கணும்" என்றாள். "பேஷண்ட் போயாச்சு. ஓட்டும்மா" என்றார் முதலாளி. ஓட்டினாள். வேறென்ன செய்வாள்? அவளுக்குத் தொழில் தெரியும். தெரியும் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை. இவர் வேண்டாமென்றால் அடுத்த கூடத்தில் அவள் மறுபடியும் பத்து நாள் நிற்க வேண்டும்.

அமெரிக்காக்காரர்களும் யோக்கியர்களாகப் பிறந்துவிடவில்லை, அடிபட்டுத்தான் திருந்தினார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சிலைடுகளைப் பார்ப்பவர்களுக்குச் சில கூடங்களில் சிலைடுக்கு இவ்வளவென்று கூலி கொடுத்து, அவசரத்தில் நோயைத் தவற விட்டதை 1987-ல் 'வால் ஸ்டிரீட் ஜர்னல்' அம்பலப்படுத்தியது. 1988-ல் சட்டம் வந்தது. ஒருவர் இருபத்துநான்கு மணி நேரத்தில் 100 சிலைடுக்கு மேல் பார்க்கக் கூடாதென்று அதன் கீழ் விதியும் வந்தது. நூற்றோராவது சிலைடை மேஜையில் வைக்கிற முதலாளியிடம் அந்தப் பெண் இப்போது "முடியாது" என்று சொல்லலாம். அவள் சொல்வதாகக்கூட ஆகாது, சட்டம் சொல்கிறது. கலிபோர்னியாவில் ஒரு ரத்தச் சேகரிப்பு நிலையத்தில் போட்ட ஊசியையே மறுபடி போட்ட விஷயம் 1999-ல் வெளியாகி ஊர் பதறியது. 2003 முதல் அங்கே ரத்தம் எடுப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். வகுப்புப் பாடம், ஐம்பது முறை நரம்பிலும் பத்து முறை விரலிலும் எடுத்துப் பழகியதற்கு அத்தாட்சி, பிறகு பரீட்சை. அப்படியொன்றும் ஆகாசத்துக் கல்வி அல்ல.

சர்டிபிகேட் விற்கும் கடைகள் இங்கே முளைக்கும் என்கிறீர்களா? முளைக்கும். கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்பதற்காக நாம் நோட்டே வேண்டாமென்று பண்டமாற்றுக்குப் போய்விடவில்லை.

இப்போது வேலையிலிருக்கும் பெண்களுக்கு இரண்டு வருஷம் தவணை கொடுக்கட்டும். பழகுவதற்கு ஜில்லா ஆஸ்பத்திரிக் கூடங்களைத் திறந்துவிடட்டும். பரீட்சைப் பணத்தை முதலாளி கட்டட்டும். அதுவரை அவளை நீக்கக் கூடாதென்றும் எழுதி வைக்கட்டும். கெட்டுப்போன ரத்தத்தை ஓட்ட மாட்டேனென்று ஒருத்தி சொன்னால், அதற்காக அவள் சம்பளத்தில் காலணாக்கூடக் கை வைக்கக் கூடாதென்று விதியில் ஒரு வரி சேர்க்கட்டும்.