படகை இறக்குவதும் ஏற்றுவதும்



மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட மவுசாக்கலை அணை 1969இல் நிறைவடைந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீரினுள் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும். நீர் பாதியளவில் நிற்கும்போது அவையே கண்ணுக்குத் தெரியாமல் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கக்கூடும். எஞ்சின் படகை ட்ரெயிலரில் ஏற்றி வந்து இத்தகைய நீரில் இறக்க எண்ணுபவர் முதலில் இதை மனதிற் கொள்ளவேண்டும்.

நீர்த்தேக்கம் குளமல்ல, மின்சாரத்துக்காக நீர் எடுக்கப்படுவதால் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற மாதம் இறக்கிய இடம் இன்று சேறாக இருக்கலாம். ஆகவே அனுமதி பெறுங்கள். அவ்விடத்து மீனவரிடம் கேளுங்கள். கரையில் இறங்கி நடந்து, தரை உறுதிதானா என்று பாருங்கள்.

இறக்குமுன் செய்யவேண்டியவை எவை? படகின் பின்புறத்து அடியிலுள்ள நீர் வடியும் துவாரத்தை அடைத்தீர்களா? இதை மறந்தால் படகு மிதக்கும்போதே நிரம்பத் தொடங்கும். பின்புறப் பட்டிகளை அவிழுங்கள். ட்ரெயிலர் விளக்கின் வயரைக் கழற்றுங்கள். எஞ்சினை உயர்த்தி வையுங்கள். ஆனால் முன்பக்கக் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் நீரை அடையும்வரை கழற்றாதீர்கள். கழற்றினால் சரிவிலேயே படகு வழுக்கித் தரையில் விழும்.

ஹட்டன் வழியாக மலையேறி வந்த ட்ரெயிலரின் சில்லுகளின் பெயரிங் சூடாக இருக்கும். உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சும்; கிறீஸ் கெட்டு, பெயரிங் பழுதாகும். சற்று ஆறவிடுங்கள்.

பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை போகும் பக்கமே ட்ரெயிலரின் பின்புறமும் போகும். மெதுவாக, சிறிது சிறிதாகத் திருப்புங்கள். வாகனத்தை நிறுத்தியதும் கைப்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். படகு மிதந்த பிறகே எஞ்சினைத் தாழ்த்தி இயக்கவேண்டும். நீரின்றி இயக்கினால் அது குளிர வழியின்றிச் சூடேறிக் கெடும்.

திரும்ப ஏற்றுவதிலேதான் அவசரம் அதிகம். ட்ரெயிலர் அதிக ஆழத்தில் இருந்தால் படகு அதன்மேல் சரியாக அமராது. ஆழம் போதாவிட்டால் அடிப்பாகம் உரசும். படகின் பாரத்தைத் தாங்கும் பலகைகளில் மூன்றில் இரண்டு பங்கு நீருள் இருப்பது ஓரளவு பொருத்தம். எஞ்சினை முறுக்கிப் படகை ஏற்றாதீர்கள். அந்த வேகம் கரையின் அடிமண்ணை அரித்துவிடும். கொக்கியை மாட்டி, வின்சைக் கையால் சுற்றி இழுங்கள். அப்போது பட்டியின் நேர்வரிசையில் எவரும் நிற்கவேண்டாம். அது அறுந்தால் உயிருக்கே ஆபத்து. எஞ்சினை உயர்த்தி, சங்கிலியைப் பூட்டிய பின்னரே வாகனத்தை நகர்த்துங்கள். மேட்டுக்கு வந்ததும் அடைப்பைக் கழற்றி நீரை வடியவிட்டு, பின்புறப் பட்டிகளைக் கட்டி, விளக்கின் வயரையும் மாட்டுங்கள்.

படகு இரவலாக வந்ததாயின் அது உங்கள் கையிலுள்ள அமானிதம். அதில் ஏறும் பிள்ளைகளோ அதைவிடப் பெரிய அமானிதம். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி அணிவியுங்கள். சரிவில் படகும் வாகனமும் இருக்கும்போது பிள்ளைகளைத் தூரத்திலே நிறுத்துங்கள். பத்து நிமிட நிதானம் ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் தடுக்கும் என்பதை நினைவிற் கொள்வோமாக!