கனத்தை மறந்த சீமை

பெரம்பலூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. துக்கடா நேரம் வந்ததும், ‘வேலவரே’ பாடும்படி பாடகிக்குச் சீட்டு அனுப்பினேன். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார்.

“பதமா? அது நாட்டியக்காரர்கள் சமாசாரம் அல்லவா? அதில் என்ன கனம் இருக்கிறது?” என்றார்.

கனம்! அந்தப் பதத்தை இயற்றியவருடைய பட்டமே அதுதான். கனம் கிருஷ்ணையர் (1790–1854) பிறந்த திருக்குன்றமும், அவரை ஆதரித்த உடையார்பாளையம் ஜமீனும் இந்தச் சீமையைச் சேர்ந்தவை. தஞ்சைக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் பாட்டைக் கேட்டு, சாரீரத்தின் முழுப் பலத்தையும் வேண்டுகிற கன மார்க்கத்தைப் பயின்றவர் அவர்.

பதம் லேசானதென்று சொல்பவர்களை ஒன்று கேட்கிறேன். கீர்த்தனையில் சங்கதியும் ஸ்வரமும் கைதட்டு வாங்கித் தரும். பதத்தில் ஒளிந்துகொள்ள இடம் எங்கே? சௌக்க காலத்தில் ஒரு சொல்லை இழுத்தால், அந்த இழுப்பிலேயே பைரவி முழுவதும் நிற்க வேண்டுமே!

செக் நாட்டாரைப் பாருங்கள். ஸ்மெதானா (1824–1884) பீர் காய்ச்சுகிறவரின் பிள்ளை. 1874-ல் காது அடியோடு செவிடாயிற்று. அந்த வருஷமே தம் நாட்டு வல்டாவா நதியை இசையாக்கினார். அது அடங்கிய ‘என் தாயகம்’ என்னும் தொகுதியோடு, அவர் மறைந்த மே 12-ந் தேதியில் பிராக் நகரத்து இசை விழாவைத் தொடங்குவது அவர்கள் வழக்கம். ஊருக்கு ஊர் அவர் பெயர் தெரியும்.

நமக்கு? அரியலூர் என்றால் சிமெண்டு. மிஞ்சினால் கங்கைகொண்ட சோழபுரம். கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்ற வேங்கடசுப்பையரின் மகன் ஒருவர், அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் தமிழ் படித்து வளர்ந்தார். உ.வே. சாமிநாதையர்தான் அவர். 1936-ல் கிருஷ்ணையரின் சரித்திரத்தை அவர் எழுதியிராவிட்டால், இந்த அளவுகூட நமக்குத் தெரிந்திராது. பதம் பாடும் முறையை வீணை தனம்மாள் குடும்பம் காப்பாற்றியது. ஒரு சீமை செய்ய வேண்டியதை இரண்டு குடும்பங்கள் செய்தன!

சாகித்தியம் புத்தகத்தில் தூங்கும், சாகாது. மெட்டின் கதி வேறு. பாடுகிற வாய் மூடினால் அதுவும் கூடவே போய்விடும். சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. உடையார்பாளையத்தில் வருஷம் ஒரு நாள், அவருடைய பதங்களை மட்டும் பாட வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே ஒரு பதமாவது பாடம் செய்யட்டும்.

அன்றைக்கு என் சீட்டு திரும்பி வந்தது. பின்புறத்தில் பாடகி நேர்மையாக எழுதியிருந்தாள்: “மன்னிக்கவும், பாடம் இல்லை.”