கல்லே காரம் விட்டால்? 2028 மகாமகத்துக்கு முன் கும்பகோணம் கேட்க வேண்டிய கேள்வி

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல். அதற்குள் பாலம், வடிகால், மேல்நிலைத் தொட்டி, லாட்ஜ் என்று ஊரெங்கும் கான்கிரீட் கொட்டுவார்கள். சிமெண்ட் எந்த பிராண்ட், கம்பி எத்தனை எம்எம் என்று எல்லோரும் கேட்கிறோம். ஜல்லி எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்கிறோமா? இத்தனைக்கும் கான்கிரீட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான்.

டெல்டா வண்டல் பூமி. தோண்டினால் மண்தான் வரும், பாறை வராது. அதனால் ஜல்லி எப்பவுமே புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கமிருந்து லாரியில்தான் வருது. மணலை மட்டும் காவிரியும் கொள்ளிடமும் கொடுத்தன. இப்போ அந்த இடத்துக்கும் எம்-சாண்ட் வந்தாச்சு, அதாவது மலைக்கல்லைப் பொடித்த மணல்.

இதில் என்ன சிக்கல்? சிமெண்ட்டில் சோடியம், பொட்டாசியம் காரங்கள் கொஞ்சம் இருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் நீரில் இவை கரையும். சில கற்களில் உள்ள ஒருவகை சிலிக்காவை அந்தக் காரநீர் தாக்கும்போது ஒரு ஜெல் உருவாகும். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். உள்ளேயிருந்து தள்ளத் தள்ள, வறண்ட ஏரித்தரை மாதிரி வலைப்பின்னலாக வெடிப்பு விழும். 1940-ல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் என்ற இன்ஜினியர் இதை விளக்கினார். நம் நாட்டில் ஒடிசாவின் ஹிராகுட் அணையும், உத்தரப் பிரதேசத்தின் ரிஹந்த் அணையும் இதில் மாட்டியவை.

'சரி, காரம் 0.6 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற சிமெண்ட் போட்டா போச்சு' என்பதுதான் பழைய பாடம். ஆனால் கல்லும் காரம் விடும்! கிரானைட் வகைக் கற்களில் நிறைய இருக்கிற ஃபெல்ட்ஸ்பார், மைக்கா கனிமங்களுக்குள்ளேயே சோடியமும் பொட்டாசியமும் பூட்டிக் கிடக்கின்றன. வருஷக்கணக்கில் ஊறும்போது, சிமெண்ட் உண்டாக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். சிமெண்ட் மூட்டையை வைத்துப் போட்ட காரக் கணக்கு அங்கே தப்பிப் போகும். கல் எவ்வளவு பொடியோ அவ்வளவு மேற்பரப்பு, அதனால் எம்-சாண்டில் இது இன்னும் முக்கியம்.

வழக்கமான சோதனையும் இதைக் காட்டாது. சிறு சாந்துக் கட்டையை 80 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரண்டு வாரம் போட்டு, எவ்வளவு நீளுது என்று பார்ப்பார்கள். அங்கே காரம் வெளியிலிருந்தே தாராளமாகக் கிடைக்குது. கல் தானாக எவ்வளவு விடுகிறது என்பது அதில் எப்படித் தெரியும்? அதை அளக்கவே ரைலம் என்ற சர்வதேச அமைப்பு ஏஏஆர்-8 என்று தனி முறை வைத்திருக்கிறது.

புதுக்கோட்டைக் கல் கெட்டது என்பதல்ல என் வாதம். மாடி வீடு கட்டுகிறவர் பயந்து வேலையை நிறுத்தவும் வேண்டாம். உலர்ந்த அறைச் சுவரில் இந்த வினை நகராது, ஈரப்பதம் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டணும். ஆனால் வாய்க்கால் பாலத்தின் கால், தண்ணீர்த் தொட்டி, வயலோரம் ஊறிக் கிடக்கும் அஸ்திவாரம்? டெல்டாவில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன!

அரசுப் பணிகளின் டெண்டரிலாவது, குவாரிவாரியாகக் கல்லின் கனிம ஆய்வும் காரம் வெளியேறும் சோதனையும் கட்டாயமாகணும் என்பது என் கருத்து. சோதனைச் செலவைப் பெரிசா பேசுவார்கள். ஜெல் உப்ப ஆரம்பித்த பாலத்தை முழுசா குணப்படுத்த வழி கிடையாது. ஈரம் உள்ளே போகாமல் தடுத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கையிலிருக்கும் எளிய மருந்து சாம்பல். அனல்மின் நிலைய உலர்சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், கால்சியம் ஹைட்ராக்சைடைத் தின்று, காரத்தையும் பிடித்து வைக்கும். 'அது லேட்டா செட் ஆகும் சார்' என்று மேஸ்திரி முகம் சுளிப்பார். சென்ட்ரிங்கை நாலு நாள் கழித்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.