தையல் ஆறிடுச்சு... மனசு?

மெக்கானிக்கல் படிக்கிற பையன் பிரசவத்தைப் பற்றி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாததை நானாவது எழுத வேண்டாமா?

போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஒன்றரை மாத ஊசிக்கு நான்தான் துணைக்குப் போனேன். டாக்டரம்மா பி.பி. பார்த்தார், தையல் ஆறிடுச்சா என்று கேட்டார். எல்லாம் நார்மல்! ஆனால் வீட்டில் அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதாள். "தம்பி, புள்ளையைத் தூக்கவே பிடிக்கலைடா" என்றாள். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினாள். "மனசு எப்படி இருக்கும்மா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை!

பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகவில்லையென்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. 10 கேள்வி, 30 மார்க். தமிழிலும் உண்டு. கர்ப்பத்தின் முதல் செக்கப்பில் ஒருமுறை, பிறகு ஒருமுறை, பிரசவத்துக்குப் பின்னும் ஒருமுறை மனதைப் பரிசோதியுங்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2023-ல் தன் டாக்டர்களுக்குச் சொன்னது.

"கூட்டத்தில் நேரமேது?" என்பார்கள். நியாயம்தான். டாக்டரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. பெஞ்சில் காத்திருக்கும்போதே நர்ஸ் கேட்டுக் குறிக்கலாமே! ஆனால் மார்க் போட்டால் மட்டும் போதாது. மார்க் அதிகமானால் மனநல டாக்டரிடம் அனுப்பவும் வேண்டும். லேத் ஓடுகிறதே என்று பேரிங் சத்தத்தை விட்டுவிடுவோமா?

கடைசியில் அக்காவிடம் கேட்டவர் எங்கள் கிராம நர்ஸ்தான். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், பேசினார்கள். இன்று அக்கா தாலாட்டுப் பாடுகிறாள்!

நண்பர்களே, நாளை நாமும் கணவன், மனைவி ஆவோம். 14416-க்குப் போன் போட்டால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். குறித்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டும் முன் ஒரு கேள்வி கேட்போம்!

– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்