மேஜரின் பெயர்

கையில் கம்பளிப் பின்னலுடன் உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயது அம்மாளைக் கண்டு எந்த ஒற்றனாவது அஞ்சுவானா? அகதா கிறிஸ்டி அம்மையாரின் ‘என் ஆர் எம்?’ (1941) நாவலில் வரும் டப்பென்ஸ் அப்படிப்பட்டவள்தான். ஜெர்மன் ஒற்றரைப் பிடிக்கக் கணவனை மட்டும் அழைத்தார்கள். அவள் ஒட்டுக்கேட்டு, அவனுக்கு முன்பே கடற்கரை விடுதிக்குப் போய்விட்டாள்! நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

பிரிட்டிஷ் ரகசிய இலாகாவோ சிரிக்கவில்லை. கதையில் மேஜர் பிளெட்ச்லி என்றொரு பாத்திரம். ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைத்த பரம ரகசிய நிலையம் பிளெட்ச்லி பார்க். அம்மையாருக்கு யார் சொன்னார்கள்? அங்கே பணிபுரிந்த அவருடைய நண்பர் டில்லி நாக்ஸ் மெல்ல விசாரித்தார். ரயில் அவ்வூரில் நின்றுபோய்த் தம்மை வாட்டியதாம். பழிவாங்கவே, பிடிக்காத பாத்திரத்துக்கு அப்பெயரை வைத்தாராம்!

நம்முடைய ரயில்கள் நின்ற ஊர்களுக்கு ஒரு நாவல் போதாது.